செயப்பாட்டு வினை

தக்கலையில் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகம்.
சனிக்கிழமை; வேறு அறை கிடைக்கவில்லை.
குடுவைகளை ஓரமாய்த் தள்ளிவிட்டு
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு
மாவட்டத்தின் வரலாறும் குடிமையியலும்
முப்பத்தாறு பாடவேளைக்குள் அடங்குமா என்று
ஐந்து பேர் உட்கார்ந்தோம்.
குறிப்பெழுதுவது நான்,
கையெழுத்து நன்றாக இருப்பதற்குக் கிடைத்த தண்டனை.

எங்கே தொடங்குவது?
குளச்சலில் டச்சுக்காரன் தோற்றதிலிருந்து, என்றார் ஸ்ரீகண்டன் தம்பி.
அவன் தோற்ற மணலில்
அன்றைக்குக் கரமடி இழுத்தவன் பெயர் தெரியுமா
என்றாள் குறும்பனை மரிய டார்த்தி.
ஐம்பத்தாறு நவம்பர், என்றார் ஜெபமோனி,
மேசையைத் தட்டி, ஒரு சோதனைக் குழாய் உருண்டது.
கடைவரம்புக்காரி அசுமத் பீவி
ஒன்றும் சொல்லாமல்
தண்ணீர் பாட்டிலை மூடினார்.
அணையிலிருந்து தொடங்கலாம் என்று
அதை நான் எழுதிக்கொண்டேன்.

மதியம் பழம்பொரி வந்தது.
கூடவே எண்பத்திரண்டாம் வருஷமும் வந்தது.
எல்லோரும் பழம்பொரியைப் பார்த்தோம்.
குறிப்பேட்டில் ஒரு வரி விட்டு மேலே போனேன்.
அந்த வரி இன்றும் காலி.

ஏழாம் பாடவேளை.
‘சந்தைகளில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது.’
ஆண்டு சரி, ஊர் சரி, ஒற்றுப்பிழை இல்லை.
நாலரை மணிக்குக் கையெழுத்துப் போட்டோம்.

வில்லுக்குறியில் வெள்ளோட்டம், என் வகுப்பு.
மூன்றாம் பெஞ்சில் ஆஷ்லின் சுபி எழுந்தாள்:
‘டீச்சர், ஆராக்கும் கிழிச்சது?’

தோன்றா எழுவாய் என்று சொல்லித் தப்பப் பார்த்தேன்.
அதுவும் பொய்.
‘வா’ என்றால் ‘நீ’ உள்ளே ஒளிந்திருக்கும், தேடினால் கிடைக்கும்.
இங்கே துணியே எழுவாய் ஆகிவிட்டது.
கிழித்த கை
இலக்கணத்துக்கே வேண்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமை இதைச் சொன்னேன்.
தம்பி சார் பேனாவை வாங்கினார்.
‘கிழித்தார்கள்’ என்று திருத்தினார்.
அதற்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில்
பேனா முனை ஊன்றி, மை பரவ, நெடுநேரம்.
பிறகு ‘எங்கள்’ என்று எழுதினார்.

‘பாடப்புத்தகத்தில எங்கள், உங்கள் வராது சார்’
என்றார் ஜெபமோனி, மெதுவாக.
பிறகு, யாரும் கேட்காமலே,
தன் கொள்ளுத்தாத்தா தலைவரி தண்டப் போனவர்,
யார் வாசலுக்குப் போனார் என்று
வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை என்றார்.
குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
அசுமத் பீவி எழுந்துபோய் இறுக்கி மூடினார்.
மூன்று பேர் மூன்று விதமாய் அடித்து எழுதி
ஒருவழியாக ஒரு எழுவாய் வந்தது,
பெயர்களோடு, பதவிகளோடு,
கொஞ்சம் நீளமாக.

நாகர்கோவில் அலுவலகம் போய்த்
திரும்பி வந்தது வரைவு.
அணை இருந்தது. குளச்சல் இருந்தது.
ஏழில் மட்டும் பென்சில் கோடு;
ஓரத்தில், அழகான கையெழுத்தில்,
‘கிழிக்கப்பட்டது.’

இருபத்தொன்பதாம் பாடவேளை: மனு எழுதுதல்.
பிள்ளைகள் நிஜமாகவே எழுதினார்கள், நிஜமாகவே தபாலில் போட்டோம்.
எரியாத தெருவிளக்குக்கு ஒன்று,
பள்ளி முன் நிற்காத பஸ்ஸுக்கு ஒன்று.
சுபி எழுதியது:
‘ஐயா, எங்கள் ஏழாம் பாடத்தில்
ஒரு வாக்கியத்தில் ஆளைக் காணவில்லை.
கண்டுபிடித்துத் தரவும்.’
இரண்டு எழுத்துப்பிழை. திருத்தவில்லை நான்.

பஸ் இப்போது நிற்கிறது, சில நாள் நிற்பதில்லை.
விளக்கு அப்படியே.
சுபிக்குப் பதில் வர ஏழு வாரம் ஆனது.
முத்திரை, நாள், கோப்பு எண்.
வகுப்பில் அவளையே வாசிக்கச் சொன்னேன்:
‘தங்கள் மனு பரிசீலிக்கப்படும்.’

ஒரு கணம்தான்.
முப்பத்தொரு பிள்ளைகளும் ஒன்றாய்ச் சிரித்தார்கள்.
பக்கத்து வகுப்புக் கணக்கு சார் எட்டிப் பார்த்தார்.
குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்:
இருபத்தொன்பது, நடத்தி முடித்தேன்.
நான்.